விதியை மதிக்க ஒரு விதிவிலக்கு

எனக்குத் தொழில் வீட்டுக்கு வரைபடம் போடுவது. விசிட்டிங் கார்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறேன். நிஜத்தில் என் பிழைப்பு, கட்டக் கூடாத இடத்தில் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அனுமதி வாங்கித் தருவது. காஞ்சிபுரத்தில் சிவில் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வேகவதி ஆற்றோரத்தில் மனை வாங்கிவிட்டு முழிக்கிறவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் நான் உட்கார்ந்திருப்பது ஒரு காரணம். இந்தப் பொம்பளைக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும் என்பது இன்னொரு காரணம்.

வேகவதியை ஆறு என்று கூப்பிடப் பெரிய மனசு வேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது ஆகாயத்தாமரைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் சாக்கடை. ஆடு மேயும், கிரிக்கெட் நடக்கும், கல்யாண மண்டபத்து எச்சில் இலை வந்து விழும். ஐப்பசியில் மேற்கே, அது புறப்பட்டு வருகிற தாமல் பக்கம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை கொட்டினால், தான் ஒரு ஆறு என்பது அதற்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும். அப்படி ஞாபகம் வந்த ஒரு வருஷம் தண்ணீர் எதுவரை நின்றதோ, அந்த உயரத்துக்கு மின்கம்பங்களில் நீலப் பெயிண்டால் கோடு போட்டார்கள். இனிமேல் ஆற்றோரத்தில் யார் வீடு கட்டினாலும் தரை அந்த நீலக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். தெருவிலிருந்து மூன்று அடி. அவ்வளவுதான் விதி, அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் விதி போட்ட கையோடு விதிவிலக்கு என்று ஒன்றையும் போட்டார்கள், அதைத் தர ஒரு குழுவையும் வைத்தார்கள். எனக்குச் சோறு போடுவது அந்தக் குழுதான்.

மூன்று அடி உயர்த்தச் சொன்னால் மனிதர்களுக்கு வருகிற கஷ்டங்கள் இருக்கிறதே, கேட்டால் கல்லும் கரையும். ஒருவருக்குக் கார் ஏறாது. ஒருவருக்கு மாமியார் முட்டி. ஒருவர் வாஸ்துக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொருவர் மனையின் மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு, சாமிக்கு நீலக் கோடு உண்டா என்று என்னைக் கேட்டார். ஒரு தெருவில் ஒருநாள் காலையில் பார்த்தால் எல்லாக் கம்பத்திலும் கோடு ஒரு அடி கீழே இறங்கியிருந்தது. பழைய கோடு இருந்த இடத்தில் காதணி விழா போஸ்டர் ஒட்டியிருந்தது. யார் செய்தது என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மனுப் படிவத்தில் ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டு, அந்தக் கஷ்டம் மனையினுடையதாக இருக்க வேண்டும், மனைக்காரருடையதாக இருக்கக் கூடாது என்று அடியில் போட்டிருப்பார்கள். காரணம் நியாயமானதுதான். மாமியார் முட்டி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போய்விடும். வீடு அங்கேயே நிற்கும். ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிற மனிதரைப் பார்த்து, உங்கள் கஷ்டம் வேண்டாம், உங்கள் மண்ணுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேட்பது என் தலையில் எழுதியிருந்தது. பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமலே எழுதப் பழகியிருந்தேன்.

என் ஊர் தென்னேரிப் பக்கம். ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் தெரு. எங்கள் ஆட்கள் குடியிருக்க இடம் ஒதுக்கிய புண்ணியவான்கள், தேடிப் பிடித்துப் பள்ளத்தில் ஒதுக்கியிருந்தார்கள். ஏரி வழிந்தால் முதல் விருந்தாளியாக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அம்மா பைபிளையும் ரேஷன் கார்டையும் பரணில் போட்டுவிட்டு எங்களைக் கட்டில் மேல் ஏற்றிவிடுவார். பள்ளத்தில் இருக்க எங்களை யாரும் மனுப் போடச் சொன்னதில்லை, அது தானாகவே கிடைத்தது. அதனால் பள்ளம் வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பற்றிக்கொண்டு வந்தாலும் மனு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

நெசவுக்காரம்மா வந்தது ஒரு ஆனி மாதம். வயது நாற்பது இருக்கும். வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். தறியில் உட்காருவது இவர்தான். பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு, அதில் ஒரு குழித்தறி. குழித்தறி என்றால் தறிக்கு அடியில் தரையைத் தோண்டி இரண்டரை அடிக்கு ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். அம்மா வழியில் ஆற்றோரத்தில் ஒரு துண்டு மனை வந்திருந்தது. அதில் ஒரு ரூமும் தறிக்கூடமும் கட்ட வேண்டும்.

"இந்த மழைக்கு முன்ன தறிய சொந்த எடத்துக்கு மாத்திடணும் மேடம். இன்னொரு மழைக்கு அந்தக் குழியில கால வைக்க முடியாது" என்றார்.

நான் படிவத்தை எடுத்துவிட்டேன். "எந்தத் தெரு? நீலக் கோடு எவ்ளோ?"

"மூணு அடி மேடம். அத்தப் பத்திதான் கேக்கணும்னு வந்தேன். மூணு அடி ஏத்தி..."

"அந்தக் கவலைய விடுங்கம்மா. ஏத்தவே வேணாம்னு வாங்கித் தரேன்."

"இல்ல மேடம், நான் இன்னா சொல்றேன்னா..."

"உக்காருங்க. ஒம்பதாவது விதி ஒண்ணு இருக்குது" என்றேன்.

அந்த ஒன்பதாவது விதியை நான்தான் கண்டுபிடித்தேன் என்று எனக்கு ரொம்பப் பெருமை. தொழிலின் தன்மையால் தாழ்ந்த தரை இல்லாமல் நடக்காத கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. பம்புக் கொட்டகைக்கும் துணி வெளுக்கும் துறைக்கும் என்று போட்டது. யாரும் அதைத் தொட்டதே இல்லை. குழித்தறியைவிடத் தாழ்ந்த தொழிலிடம் எங்கே இருக்கிறது? அதிலும் பட்டு நூல். காற்று காய்ந்தால், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் பட்பட்டென்று அறும். குழியிலிருந்து வருகிற மண்ணின் ஈரம்தான் பாவை மெத்தென்று வைத்திருக்கும். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊரில் இது யாருக்குத் தெரியாது?

"பாவு காஞ்சா நூலு அறுமா, அறாதா?" என்று வக்கீல் மாதிரி கேட்டேன்.

"அறும் மேடம். ஆனா..."

"அவ்ளோதான். மீதிய நான் பாத்துக்கறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். மேடம் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஐந்தாவது கேள்விக்கு, மண்ணின் ஈரம் நூலுக்கு இன்றியமையாதது, தரையை உயர்த்தினால் அந்த ஈரம் அற்றுப்போகும், இது மனையின் கஷ்டம் என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே நான் மாலை போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவராக ஒரு அதிகாரி. ஆற்றுத் துறையிலிருந்து ஒரு பொறியாளர்; இவர் வருவார், பிஸ்கட் சாப்பிடுவார், கையெழுத்துப் போடுவார். பொதுமக்கள் சார்பில் சின்ன காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார், ரிடையரானவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், மடியில் குடை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். நான் பயப்படுவது இவருக்கு மட்டும்தான்.

"குழி எத்தனை அடிம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டரை சார்."

"ஈரம் இல்லேன்னா நெசவே நடக்காதுங்கறேளா?"

"நூலு நிக்காது சார். பெருமாளுக்குச் சாத்துற பட்டும் இந்த மாதிரிக் குழியிலேர்ந்துதான் வருது."

பெருமாளைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கிறிஸ்தவப் பொம்பளை அந்த அலுவலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாத்தியார் காகிதத்தில் இரண்டரை என்று எழுதிச் சுழித்தார். பத்து நிமிஷத்தில் விலக்கு கிடைத்துவிட்டது. தெருமட்டத்திலேயே தரை, அதில் இரண்டரை அடிக் குழி.

நெசவுக்காரம்மாவை உள்ளே யாரும் கூப்பிடவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உத்தரவை அவர் கையில் கொடுத்தேன். அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப பள்ளத்துலயேதானா மேடம்?"

"ஆமாம்மா. சும்மா கெடைக்குமா இதெல்லாம்? வேலைய ஆரம்பிங்க."

அவர் ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு அறிவு.

அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடை மாடிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆற்றோரத்தில் மனை வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் நெசவாளர்கள் ஆகிவிட்டார்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட் நெசவாளர். டியூஷன் சென்டர்காரர் நெசவாளர். நெசவுக்காரம்மா மனைக்குப் பக்கத்து மனை ஒரு பரோட்டாக் கடைக்காரருடையது. அவரும் பரம்பரை நெசவாளர்.

"நீங்க எப்பண்ணா தறியில உக்காந்தீங்க?" என்றேன்.

"உக்காரணும்னு ஆசை இருக்குதுமா. அது போதாதா?" என்றார்.

எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன், அதை மறைக்கவில்லை. ஏழு மனு. ஈரம், நூல், மனையின் கஷ்டம் எல்லாவற்றிலும் அதே வரிகள். ஜெராக்ஸ் கடை மாடியில் இருப்பவள் வேறு எப்படி எழுதுவாள்? குழு தறியின் போட்டோ கேட்டது. ஏழு பேரும் கொடுத்த போட்டோவில் ஒரே தறி, பாதி நெய்த ஒரே கடுகு நிறப் புடவை, பின்னால் சுவரில் ஒரே காலண்டர்.

"என்னம்மா, எல்லாரும் ஒரே கலரா நெய்யறாங்க?" என்றார் அதிகாரி.

"முகூர்த்த சீசன் சார்" என்றேன்.

ஆற்றுப் பொறியாளருக்குப் பிஸ்கட் புரையேறிவிட்டது. ஆனாலும் ஏழும் கிடைத்தன. பரோட்டாக் கடைக்காரர்தான் முதலில் கட்டி முடித்தார். தறிக்குழியைப் பார்க்கக் கூப்பிட்டார், போனேன். குழியின் நாலு பக்கமும் வழவழவென்று டைல்ஸ், ஓரத்தில் ஸ்டீல் கைப்பிடி.

"இதுல யாருண்ணா நெய்யறது?"

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா. பலகைய போட்டு மூடிட்டு மேல சோபா போட்டுடுவேன்."

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். சிரித்தேன் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆவணி முடிகிற சமயம் நெசவுக்காரம்மாவிடமிருந்து போன். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வரைபடத்தில் தெருமட்டத்தில் இருக்க வேண்டிய பேஸ்மட்டம் மூன்று அடி உயரத்துக்குக் கருங்கல்லில் எழும்பி நின்றது. உள்ளே கிராவல் கொட்டி இடித்திருந்தார்கள். புகார் கொடுத்தவர் பரோட்டாக் கடைக்காரர். இந்த வீடு உயர்ந்தால் தண்ணீர் முழுக்கத் தன் பக்கம் வந்துவிடுமாம். நெசவாளரின் வயிற்றெரிச்சல்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "இன்னா வேலம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? உங்களுக்குன்னு நாயா பேயா அலைஞ்சு விலக்கு வாங்கிக் குடுத்தா, அத்த மதிக்காம ஏத்திக் கட்டியிருக்கீங்களே?"

"நான் விலக்கு கேக்கவே இல்லியே மேடம்" என்றார். குரல் ஏறவில்லை. "மூணு அடி ஏத்திக் கட்டணும், அதுல தறிக்குழி எப்பிடி வைக்கறதுன்னு பிளான் போட்டுக் குடுப்பீங்களான்னு கேக்க வந்தேன். நீங்க பேச வுடல."

"ஏத்துனா குழி எங்க வரும்?"

கிராவல் மேட்டின் நடுவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மேஸ்திரி குழிக்கான இடத்தை விட்டுவிட்டுத்தான் மண் நிரப்பியிருந்தார். மேட்டுக்குள்ளேயே இரண்டரை அடிக் குழி. சுற்றிலும் அடியிலும் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசியிருந்தது. டேப் வைத்து அளந்தேன். குழியின் அடிமட்டம் தெருவைவிட அரை அடி மேலே இருந்தது. மூன்றிலிருந்து இரண்டரையைக் கழித்தால் அரை. இதற்கு நாலு வருஷம் சிவில் படித்திருக்கத் தேவையில்லை. குழுவில் மூன்று பேர், நான் ஒருத்தி, கணக்கு வாத்தியார் உட்பட ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. தறி என்றால் பள்ளம், பள்ளம் என்றால் விலக்கு என்று நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"பாவு காயுமே" என்றேன், விடாமல்.

"ஈரம் வேணும்னா ஒரு கொடம் தண்ணி நானே ஊத்திக்கறேன் மேடம். ஆறு வந்து ஊத்த வேணாம்."

கிராவல் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. அவரிடம் இருந்த அனுமதி தெருமட்டத்துக்கு. கட்டியிருப்பது மூன்று அடி மேலே. வரைபடத்துக்கு மாறாகக் கட்டியது குற்றம். ஊரில் எல்லாருக்கும் பொதுவான விதிப்படி கட்டியதுதான் அவர் குற்றம். நோட்டீஸை எடுக்காமல் சுவர் எழுப்ப முடியாது. சுவரும் கூரையும் ஐப்பசிக்குள் வராவிட்டால், இன்னொரு மழைக்காலம் முழுக்க அவர் அந்த வாடகை வீட்டுக் குழியில் உட்கார வேண்டும்.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். விலக்கிலிருந்து விலக்கு வேண்டும், விதிப்படி கட்டிக்கொள்கிறோம் என்றேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விதிப்படி கட்டறதுக்கு மனு போட எங்ககிட்ட ஃபாரம் இல்ல மேடம். விதிய மீறறதுக்குத்தான் இருக்குது."

அந்தப் படிவத்தையே வாங்கி நிரப்பினேன். ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் மனையின் கஷ்டம் என்று எழுதிவிட்டு, என்ன கஷ்டம் என்று தெரியாமல் இடம் விட்டு வைத்தேன்.

புரட்டாசியில் குழு கூடியது. இந்த முறை நெசவுக்காரம்மாவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். செருப்பை வராந்தாவில் கழற்றி விட்டுவிட்டு வந்து நின்றார். வாத்தியார் பழைய கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"தரையை ஒசத்தினா நூல் நிக்காதுன்னு போன தடவை எழுதிக் கொடுத்தேள். இப்போ ஒசத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்கேள். ரெண்டுல எதும்மா நெஜம்?"

அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். "மேட்டுல தறி ஓடும்னா, அதே காரணத்துக்கு வாங்குன மத்த ஏழு பேரோட விலக்கு என்னாகும்? நீங்க முதல்ல எழுதுனது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஒத்துக்கொண்டால் ஏழும் போகும். ஏழு பேரும் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். என் லைசென்ஸ் மேலேயும் கை வைப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போவது ஒரே ஒரு பேஸ்மட்டம். மனசு அந்த நேரத்தில் இதையெல்லாம் எடை போட்டது. போடவில்லை என்று சொன்னால் அது எட்டாவது பொய் மனு. "ரெண்டும் ஒரு வகையில நெஜம்தான் சார், சூழ்நிலையைப் பொறுத்து..." என்று இழுத்தேன்.

நெசவுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா?" என்றார்.

"சொல்லும்மா."

அவர் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னால் வைத்தார். விரல்களுக்கு நடுவே தோல் வெந்து பிரிந்திருந்தது. குதிகால் வெளுத்து வெடித்திருந்தது. இரண்டு விரலில் நகமே இல்லை. நான் அவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் அறையில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மழ வந்தா அந்த வீட்டுக் குழியில கீழேர்ந்து தண்ணி ஊறும்ங்க. மொண்டு ஊத்திட்டு உக்காருவேன். மறுபடி ஊறும். பாவு தறியில இருக்கிறப்ப எழுந்து போவ முடியாது, தண்ணியிலயே கால வெச்சுக்கினு மிதிக்கணும். பதினெட்டு வருசமா அப்பிடித்தான். நூலுக்கு ஈரம் வேணும்னு மேடம் எழுதியிருக்காங்க. வேணுந்தான். காலுக்கு இன்னா வேணும்னு அதுல எதுவும் எழுதல."

பிஸ்கட் தட்டை ஆற்றுப் பொறியாளர் தள்ளி வைத்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் எழுதினது தப்பு சார்" என்றேன். "அவங்க கேக்காததை எழுதினேன். மத்த ஏழும் அதப் பாத்து எழுதினதுதான். அந்த ஏழு வீட்டுலயும் தறி கெடையாது."

"போட்டோ?" என்றார் அதிகாரி.

"அது வாலாஜாபாத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுத் தறி சார். காலண்டரும் அவரோடதுதான்."

வாத்தியார் காகிதத்தில் மூன்று, இரண்டரை, அரை என்று எழுதினார். "இந்தக் கழித்தலை நான் போன தடவையே போட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளி, "அஞ்சாவது கேள்வியில காலியா விட்டிருக்கேள். யாரோட கஷ்டம்னு எழுதிக் கொடுங்கோ" என்றார். மனை என்பதை அடித்துவிட்டு, மனைக்காரரின் கால்கள் என்று எழுதினேன். விதிப்படி அது செல்லாத பதில். மூன்று பேரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்குக் கிடைக்க வேண்டியதும் கிடைத்தது. ஆறு மாதம் அந்தக் குழு முன்னால் நான் மனுவோடு வரக் கூடாது என்று கடிதம் வந்தது. ஏழு பேருக்கும் தரையை உயர்த்தச் சொல்லி நோட்டீஸ் போனது. ஏழு பேரும் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பரோட்டாக் கடைக்காரர் என் ஏழு தலைமுறையையும் தனித்தனியாக விசாரித்தார். ஆனால் அரசாங்க நோட்டீஸ் நடந்து வரும், மழை ஓடி வரும். ஒரு வீட்டிலும் ஒரு செங்கல் உயரவில்லை.

ஐப்பசி கடைசியில் தாமல் பக்கம் கொட்டியது. இரண்டாம் நாள் மதியம் வேகவதி தெருவுக்குள் வந்துவிட்டது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்து போனேன். டியூஷன் சென்டர் பெஞ்சுகள் மிதந்துகொண்டிருந்தன. பரோட்டாக் கடைக்காரர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டைல்ஸ் போட்ட குழி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சோபா மட்டும் அதன் மேல் சாய்ந்து மிதந்தது.

நெசவுக்காரம்மா வீட்டுக்கு நாலு படி. தண்ணீருக்கு வெளியே மேல் படி மட்டும் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே பூச்சு இன்னும் முடியாத சுவர், தறி, தறிக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடைக்காரரின் பிரிட்ஜ். அதன் ஓரத்தில் அவர் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பரோட்டாக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு திரும்பி, "வாம்மா" என்றார்.

நெசவுக்காரம்மா தறியில் உட்கார்ந்திருந்தார். பச்சையில் அரக்கு பார்டர். சொன்னபடியே பக்கத்தில் ஒரு குடம் இருந்தது. உள்ளே கால் எடுத்து வைக்கப் போனேன்.

"மேடம், அப்பிடியே வராதீங்க" என்றார், கை நிற்காமல். "தரையெல்லாம் ஈரமாயிடும். அங்க துண்டு இருக்குது பாருங்க, கால நல்லா தொடச்சுக்கினு வாங்க."

மேல் படியில் உட்கார்ந்து துண்டை எடுத்தேன். நான் தண்ணீரில் நின்றது மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். அதற்குள் என் கால் விரல்கள் வெளுத்து, தோல் சுருங்கிப் போயிருந்தது. விரலுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் துடைத்தேன். உள்ளே அவர் மிதியை மிதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.